கேம்ஷாஃப்ட் மாற்றிய ஞாயிறுகள்

லேபர் மட்டும் பதினெட்டாயிரம் என்று சனத்நகர் பட்டறைக்காரர் சொன்னதும் என் கணவன் வாய்விட்டுச் சிரித்தான். கேம்ஷாஃப்ட் எங்களுடையது, கோயம்புத்தூரில் சொல்லிவைத்து அரைத்து வாங்கியது. பெல்ட், ஆயில் சீல், கேஸ்கெட் எல்லாவற்றையும் நாங்களே வாங்கித் தருகிறோம் என்றும் சொல்லியிருந்தோம். கழற்றி மாட்டுவதற்கு இவ்வளவா என்பது அவன் கேள்வி.

"கைக்கு பாய்?" என்று கேட்டான். எதற்கு என்று அர்த்தம். செகந்திராபாத் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவன், தமிழ் பேசும்போதே பாதி இந்த ஊர்ப் பேச்சாகத்தான் வரும்.

பட்டறைக்காரர் கோபப்படவில்லை. கழற்றி மாட்ட அரை நாள் போதும் என்றார். மீதியெல்லாம் அளவு பார்க்கிற நேரம். கேம்ஷாஃப்ட் என்பது வால்வுகள் எப்போது, எவ்வளவு திறக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிற தண்டு. அதன் மேடுகளை உயர்த்தி அரைத்தால் எஞ்சின் கூடுதலாகக் காற்றை இழுத்து வேகம் எடுக்கும். ஆனால் மாட்டும்போது பெல்ட் ஒரு பல் தள்ளிப் போனாலும் வால்வு போய் பிஸ்டனில் இடிக்கும். அதனால் ஒவ்வொன்றையும் அளந்து, திரும்ப அளந்து, பிறகுதான் மூட வேண்டும். அதோடும் முடியாது. முதல் முறை ஸ்டார்ட் செய்ததும் இருபது நிமிடம் ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். புது மேடுகளும் அவற்றின் மேல் உரசுகிற ராக்கர்களும் ஒன்றோடொன்று பழக வேண்டும், அதற்கு ஆயில் நன்றாகத் தெறிக்க வேண்டும். மெதுவாக ஐடிலில் ஓடவிட்டால் இரண்டும் சுரண்டிக்கொண்டு நாசமாகிவிடும். "அந்த ஆளுக்கும் சேர்த்துத்தான் வாங்குகிறேன்" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார்.

திரும்பி வரும் வழியில் அவன் ஒரே பேச்சு. "நம்ம வண்டிக்கு நாமளே செஞ்சுக்கலாம். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உக்காருவோம். நீ அளவு பாத்து சொல்லு, நான் திருப்பறேன். பதினெட்டாயிரத்துக்கு ஊட்டி போயிட்டு வரலாம்."

அளவு பார்ப்பது என் பிழைப்பு. மத்திய அரசின் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். பெண்ணுக்குக் காரில் என்ன இவ்வளவு ஆசை என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. வண்டியே என் கடனில் வாங்கியதுதான். பழைய சின்ன கார். அதை மலைப்பாதையில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் பைத்தியம். கல்யாணமான புதிதில் நாங்கள் பேசியதில் பாதி எஞ்சின் பேச்சு.

ஆனால் நாங்கள் உட்காரவில்லை. கேம்ஷாஃப்ட் எண்ணெய்த் தாளில் சுற்றியபடி இரண்டு வருடம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பெருக்கும்போது துடைப்பம் அதில் இடிக்கும். ஏன் உட்காரவில்லை என்றால் சொல்லத் தெரியவில்லை. சண்டை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அவன் ஒரு அறையில் லேப்டாப், நான் ஒரு அறையில் டி.வி. சாப்பிட்டாயா என்று கேட்பதே பேச்சு என்று ஆனது. எங்கே தவறியது என்று பின்னால் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தேன். சத்தம் போட்டு உடைந்த பொருளாக இருந்தால் துண்டையாவது பொறுக்கலாம்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னான். புனேயில் வேலை கிடைத்திருக்கிறது. தனியாகப் போகிறான்.

"எனக்கு இங்க முடியல."

"இங்கன்னா? ஹைதராபாத்தா, நானா?"

நான் கோபக்காரி. கையிலிருந்த தட்டைத் தொட்டியில் எறிந்தேன், கத்தினேன், யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். யாரும் இல்லை என்றான். அவன் பொய் சொல்ல மாட்டான். யாராவது இருந்திருந்தால் திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்திருக்கும்.

கத்தி ஓய்ந்த பிறகு அவன் சொன்னான்: "அங்க இந்த மாசமோ அடுத்த மாசமோ எப்ப வேணா சேரலாம். வண்டிய முடிச்சுக் குடுத்துட்டு டிக்கெட் போடறேன். சொன்னேன் இல்ல, செய்யறேன்னு."

நியாயமான ஆள். எனக்கு அந்த நியாயத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. வண்டி முடிகிறவரை அவன் இருப்பான். பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்தால், அளவு படித்துச் சொன்னால், பழைய ஆள் எங்கேயாவது எட்டிப் பார்ப்பான் என்று நம்பினேன். படித்த பெண், சம்பாதிக்கிற பெண், ஒரு இரும்புத் தண்டை நம்பினேன். வேறு எதுவும் கையில் இல்லை.

லோத்குண்டாவில் எங்கள் வீட்டு கேட்டுக்கு உள்ளேயே வண்டி நிறுத்துமிடம். எதிரே ராணுவ நிலத்தின் மதில், அதற்கு மேலே வேப்பமரங்கள். முதல் ஞாயிறு காலையில் பழைய பாயை விரித்து, பக்கெட், துணி, ஸ்பானர் செட் எல்லாம் எடுத்து வைத்தோம். பெல்ட் கவரில் ஒரு போல்ட் துருப்பிடித்து அசையவே இல்லை. அதற்கே மத்தியானம் ஆகிவிட்டது. அவன் வியர்த்து விறுவிறுத்துத் திட்டிக்கொண்டிருந்தான். அந்த போல்ட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல எனக்கு இருந்தது.

அன்றைக்குத் தோசை வார்த்துக்கொண்டு வந்தேன். அவன் கையெல்லாம் கிரீஸாக இருந்தால் நான் பிய்த்து வாயில் கொடுப்பதுதான் எப்போதும் வழக்கம். கையை இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு குழந்தை மாதிரி வாயைத் திறப்பான். ஒரு துண்டு பிய்த்துச் சட்னியில் தொட்டு நீட்டினேன்.

"நக்கோ, வேணாம். கை கழுவிட்டு வரேன்" என்று எழுந்து போனான்.

நீட்டிய தோசையை நானே தின்றேன்.

அடுத்த ஞாயிறு ஆயில் சீல் அளவு சேரவில்லை. செகந்திராபாத்தில் உதிரிபாகக் கடைகள் மூடியிருந்தன. வார நாட்களில் அவனுக்கு நேரம் கிடையாது, எனக்கும் கிடையாது. ஆக இன்னொரு வாரம் போனது. திங்கட்கிழமை அலுவலகத்தில் என் முகத்தைப் பார்த்துப் பக்கத்து இருக்கைக்காரி என்ன விசேஷம் என்று கேட்டாள். சீல் சேரவில்லை என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

பிறகு வந்த ஞாயிற்றில்தான் அளவு பார்த்தோம். அந்த ஒரு நாளை மட்டும் யாராவது எனக்குத் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். டயல் கேஜை வால்வின் மேல் பொருத்திவிட்டு நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவன் கீழே உட்கார்ந்து ஸ்பானரால் எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவான். நான் எண் சொல்லச் சொல்ல அவன் நிறுத்துவான், திருப்புவான். "இன்னும் கொஞ்சம்." "போதும்." "பின்னால வா." வேறு பேச்சே இல்லை. ஒருவர் சொல்வதை மற்றவர் அப்படியே கேட்டு நடந்தோம், எங்கள் வீட்டில் வெகு நாளாக நடக்காத விஷயம் அது. ஒரு இடத்தில் முள் சரியாகக் குறியில் வந்து நின்றது. அவன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். பழைய சிரிப்பு.

"உனக்குக் கண்ணு நல்ல கண்ணு" என்றான்.

அளவைத் தப்பாகச் சொல்லி இன்னும் ஒரு வாரம் இழுத்திருக்கலாம். அந்த எண்ணம் வரத்தான் செய்தது. ஆனால் முள் காட்டுவதைச் சொல்லியே பழகிய வாய், வேறு எதையும் சொல்ல வரவில்லை.

என் அம்மா இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். திருநெல்வேலிக்காரி. இந்த ஊருக்கு வந்து நாற்பது வருடம் ஆகியும் அவள் பேச்சில் ஒரு எழுத்து மாறவில்லை. அவளிடம் நாங்கள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. மகளும் மருமகனும் ஞாயிறு தவறாமல் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்கிறார்கள் என்று அவளுக்கு ஒரே பெருமை. வரும் ஞாயிறு ஸ்டார்ட் செய்கிறோம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். எஞ்சினைப் பிரித்து மாட்டிய வண்டி புது வண்டிக்குச் சமம் என்பது அவள் கணக்கு. காலண்டரைக் கிழித்துப் பார்த்து, நல்ல நேரத்தில் தட்டோடு வந்து நின்றாள். தட்டில் எலுமிச்சம்பழம், சந்தனம், குங்குமம், சூடம், ஒரு கையில் பூசணிக்காய்.

பொட்டு வைக்க வேண்டும் என்று பானெட்டை மூடச் சொன்னாள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். அவன் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். முதல் திருப்பிலேயே பிடித்தது. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? பழைய எஞ்சின் இல்லை அது. ஒரு மாதிரி குதித்துக் குதித்து உறுமியது. இரண்டு வருடம் கட்டிலுக்கு அடியில் கிடந்த தண்டு உயிரோடு ஓடியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவன் ஆக்சிலரேட்டரை மிதித்தான். அம்மா பதறிப் பின்னால் போனாள்.

"ஏ மாப்ளை, பைய, பைய! இரைச்சல்ல எனக்குக் கை நடுங்குது. சூடம் எரியுத மட்டும் வண்டி அமைதியா ஓடிட்டுக் கெடக்கட்டும்."

"அம்மா, தள்ளுங்க" என்று கத்தினேன். "இப்ப இருபது நிமிஷம் மிதிச்சே ஆகணும். இல்லன்னா உள்ள எல்லாம் போயிரும்."

"அதெல்லாம் பொறவு மிதிக்கலாம்ட்டி. தீபாராதன காட்டும்போது உறுமுனா நல்லாவா இருக்கும்? நடுவுல நிறுத்திரவும் கூடாது, சொல்லிட்டேன்."

அம்மா சூடத்தை ஏற்றிக்கொண்டு வண்டிக்கு நேர் முன்னால் நின்றாள். நான் ஓடிப்போய் ஜன்னலருகில் குனிந்தேன். அவனுக்குத் தெரியாததா? எனக்கு இதை நூறு தடவை சொன்னவனே அவன்தான். முன்பு என்றால் இறங்கி வந்திருப்பான். "அத்தை, உங்க சாமிகிட்ட இருபது நிமிஷம் டைம் கேட்டு வாங்குங்க" என்று கேலி செய்து, தட்டை அவள் கையிலிருந்து வாங்கிப் படியில் வைத்திருப்பான். அவளும் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்திருப்பாள். அவன் சொன்னால் அவள் கேட்பாள், நான் சொன்னால்தான் கேட்க மாட்டாள்.

"நீ சொல்லேன்" என்றேன்.

அவன் காலைப் பெடலிலிருந்து எடுத்திருந்தான்.

"விடு. பெரியவங்க ஆசை."

"கேம் போயிரும்டா."

"இருக்கட்டும் விடு" என்றான். குரலில் எரிச்சல்கூட இல்லை. பேருந்தில் அடுத்த இருக்கைக்காரரிடம் சொல்வது போலச் சொன்னான்.

அம்மா நிதானமாகச் சூடம் சுற்றினாள். சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள். பூசணிக்காயைச் சுற்றித் தெருமுனையில் போய் உடைத்துவிட்டு வந்தாள். அவ்வளவு நேரமும் எஞ்சின் ஐடிலில் ஓடியது. அவன் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே இரும்பு இரும்பைத் தின்கிறது என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனால் நான் அழுதது அதற்காக இல்லை. அதைக் காப்பாற்ற வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை, அதற்காக. அவன் போகிறேன் என்று சொன்ன நாளில் நான் நம்பவில்லை. அன்றைக்கு அந்த ஜன்னலோரத்தில் நம்பினேன்.

அம்மா என் கண்ணைப் பார்த்துவிட்டு, "நல்ல நாளும் அதுவுமா எதுக்குட்டி அழுத?" என்றாள். சூடப் புகை என்றேன்.

வண்டி எலுமிச்சம்பழங்களின் மேல் ஏறி இறங்கியது. அம்மா போன பிறகு அவன் கொஞ்ச நேரம் கடமைக்கு மிதித்தான். புதன்கிழமைக்குள் டிக் டிக் என்று சத்தம் வர ஆரம்பித்தது. ஞாயிறு கவரைத் திறந்து பார்த்தோம். ஒரு மேட்டின் மேல் நகத்தை ஓட்டினேன், சொரசொரவென்று இருந்தது. அடுத்ததின் முனையே மழுங்கியிருந்தது. ஆயிலில் இரும்புத்தூள் மினுமினுத்தது.

"போச்சு" என்றான்.

எனக்கு வந்ததோ சந்தோஷம். வெட்கங்கெட்ட சந்தோஷம், மறைக்க என்ன இருக்கிறது? கோயம்புத்தூருக்குத் திரும்பச் சொல்ல வேண்டும், அரைத்து வர வாரக்கணக்கில் ஆகும். திரும்பப் பிரிக்க வேண்டும், டயல் கேஜை வைக்க வேண்டும், அவன் கீழே உட்கார்ந்து திருப்ப வேண்டும். மனம் அந்த ஒரு நொடியில் தீபாவளி வரைக்கும் ஓடிவிட்டது.

"பரவால்ல. மறுபடி செய்வோம்" என்றேன். "இப்பதான் பழகிருச்சே, சீக்கிரம் முடிஞ்சிரும்."

அவன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். சனத்நகர் பட்டறைக்காரரோடு பேசினான். "ஹவ் பாய், ஹவ்" என்று நாலைந்து தடவை ஆமாம் போட்டான். அவரிடம் வேறு யாருக்கோ வரவழைத்த இதே அளவு கேம்ஷாஃப்ட் ஒன்று இருந்ததாம். லேபர் எவ்வளவு என்று கேட்டான், சரி என்றான். கொத்தமல்லிக் கட்டுக்கே பேரம் பேசுகிறவன் ஒரு வார்த்தை குறைத்துக் கேட்கவில்லை.

"ஏன் கடைல குடுக்குற?" என்றேன்.

"இப்ப அவங்களுக்கு வேலை இல்லையாம், சும்மா இருக்காங்க. எஞ்சின் கழுவணும், ராக்கர் மாத்தணும். நம்மால ஆகாது."

மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். வியாழக்கிழமை வந்துவிட்டது. சனிக்கிழமை மத்தியான ரயிலுக்கு அவன் டிக்கெட் போட்டிருந்தான்.

நான்தான் ஸ்டேஷனுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். இரண்டு பெட்டி, ஒரு லேப்டாப் பை. வண்டி காற்றாகப் பறந்தது. மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டியது. நாங்கள் எத்தனையோ வருடம் பேசிப் பேசி ஆசைப்பட்ட இழுப்பு. அவன் தலையைச் சாய்த்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தான். "நல்லா இருக்கு" என்றான். செகந்திராபாத் ஸ்டேஷன் வாசலில் நிறுத்த இடம் இல்லை. பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். அவன் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு ஜன்னலில் குனிந்தான். "ஆயிரம் கிலோமீட்டர்ல டேப்பெட் கேப் செக் பண்ணச் சொல்லு, மறந்துராத" என்றான். ஒன்பது வருடக் கல்யாணத்தில் எனக்குக் கிடைத்த கடைசி வார்த்தை அது. சரி என்றேன், கியர் போட்டேன்.

அம்மாவிடம் பிறகு சொல்ல வேண்டியதாயிற்று. அன்றைக்குச் சூடம் ஒரு தடவை அணையப் பார்த்தது, அதுதான் சகுனம் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் சூடம் என்ன செய்தது என்று நான் சொல்லவில்லை. அவள் மேல் எனக்குக் கோபமும் இல்லை.

என்னையே தேற்றிக்கொள்ள ஒன்றே ஒன்று இருந்தது. பட்டறையில் அந்த வாரம் பார்த்து வேலை இல்லாமல் போய்விட்டது. இருந்திருந்தால் வண்டி அங்கே காத்துக் கிடந்திருக்கும், அவனும் இருந்திருப்பான், ஒரு ஞாயிற்றில் வாய்விட்டுப் பேசியிருப்போம். எல்லாம் நேரம் என்று சொல்லிக்கொண்டேன். விதியின் மேல் பழியைப் போட்டால் கொஞ்சம் தூக்கம் வருகிறது.

ஆயிரம் கிலோமீட்டர் ஆனதும் சனத்நகருக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பட்டறைக்காரர் டீ வரவழைத்தார். அந்த வால்வு இடைவெளியைப் பார்த்து முடித்துவிட்டு, சார் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். புனேயில் இருக்கிறார் என்றேன்.

"நல்ல மனிதர், மேடம். ஆனால் அந்த வாரம் எங்கள் உயிரை வாங்கிவிட்டார்" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். "நான்கு வண்டி வரிசையில் நின்றது. முடியாது என்றுதான் சொன்னேன். அன்று ராத்திரி மறுபடி போன் செய்து, மற்றதையெல்லாம் தள்ளிவைத்து இதை வியாழக்கிழமை கொடுத்தே ஆக வேண்டும் என்றார். லேபர் டபுளாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவரே சொன்னார். இரண்டு ஆட்களைப் போட்டு முடித்தேன்."

"வரிசைப்படி செஞ்சிருந்தா எப்ப கிடைச்சிருக்கும்?" என்று நானும் இந்தியில் கேட்டேன்.

அவர் விரல் மடக்கி எண்ணினார். "இன்னும் இரண்டு ஞாயிறு ஆகியிருக்கும், மேடம்."

அந்த இரண்டு ஞாயிறும் என்னோடு அந்த வீட்டில் இருக்க முடியாமல்தான் அவன் பதினெட்டாயிரத்தை முப்பத்தாறாயிரமாகக் கொடுத்திருக்கிறான்.